கழுத்துக்கும் கோதுமைக்கும் நடுவே

தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பெண்ணுக்கு இன்றைக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. ஒன்று டாக்டர் தருவது: காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இன்னொன்று ஆபீஸ் தோழி, ஜிம் டிரெய்னர், யூடியூபில் பேசுகிறவர், கல்யாண வீட்டில் பார்த்த தூரத்து அத்தை என்று யார் மூலமாவது வந்து சேரும்: "கோதுமையை விட்டுடும்மா. குளூட்டன்தான் எல்லாத்துக்கும் காரணம்." முதல் அறிவுரைக்கு 130 வருட வரலாறு இருக்கிறது. இரண்டாவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அது முழுப் பொய்யில் தொடங்கவும் இல்லை. அதுதான் என்னை இதற்குள் இழுத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம்மில் பல வீடுகளில் கோதுமை உணவாக நுழைந்ததைவிட மருந்தாக நுழைந்ததுதான் அதிகம். தாத்தாவுக்குச் சர்க்கரை வந்தது, ராத்திரிச் சோறு நின்றது, தட்டில் இரண்டு சப்பாத்தி வந்து உட்கார்ந்தது. அதற்கு முன் ரவா உப்புமாவும் சேமியா பாயசமும்தான் கோதுமை, அவை கோதுமை என்று யாரும் நினைத்ததுகூட இல்லை. பேத்தி தலைமுறையில் அதே சப்பாத்தியைக் கூண்டில் ஏற்றியாயிற்று.

கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி ஒரு பக்கம். வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் சிறுகுடல் இன்னொரு பக்கம். இரண்டையும் முடிச்சுப் போட்டது யார், எப்போது? தேடிப் போனால், தொடர்பே இல்லாத இரண்டு கதைகள் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது தெரிகிறது. ஒரு கட்டத்தில் இரண்டுமே லண்டனில், ஒரே வருடத்தில்.

1873-ல் வில்லியம் கல் என்ற லண்டன் மருத்துவர், வயதுவந்த பெண்களிடம் தான் கண்ட விநோதமான மாற்றம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். முகம் உப்புகிறது, தோல் வறண்டு தடிக்கிறது, நாக்கு பெருத்துப் பேச்சு இழுக்கிறது, எதிலும் பிடிப்பில்லாமல் போகிறது. சில வருடங்களில் வில்லியம் ஆர்ட் அதற்கு மைக்ஸிடீமா என்று பெயர் வைத்தார். லண்டன் கிளினிக்கல் சொசைட்டி ஒரு குழுவைப் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, 1888-ல் அறிக்கை வெளியிட்டது. அந்தப் பெண்களின் மந்தம், சில குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு, கழுத்துக் கழலையை முழுக்க வெட்டி எடுத்த பிறகு ஸ்விட்சர்லாந்து நோயாளிகளுக்கு வந்த சோர்வு எல்லாமே ஒன்றுதான், தைராய்டு இல்லாமல் போனதன் விளைவு என்றது அந்த அறிக்கை. அதுவரை சோம்பேறி என்றோ மனநோயாளி என்றோ பார்க்கப்பட்ட பெண்களுக்கு உடம்பில் ஒரு காரணம் கிடைத்தது.

அதே 1888-ல், அதே ஊரில், சாமுவேல் ஜீ என்ற குழந்தை மருத்துவர் முந்தைய அக்டோபரில் தான் ஆற்றிய உரையை அச்சிட்டார். அவருடைய நோயாளிகள் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள். கை கால் குச்சி, வயிறு பானை, வெளுத்த நாற்றமடிக்கும் மலம், வளர்ச்சி நின்றுபோன உடம்பு. கிட்டத்தட்ட 1,700 வருடங்களுக்கு முன் கப்படோசியாவைச் சேர்ந்த அரெட்டாயஸ் என்ற கிரேக்க வைத்தியர் இதே மாதிரி ஒரு வயிற்று நோயை எழுதி வைத்திருந்தார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயரையே ஜீயும் எடுத்துக்கொண்டார். சீலியாக்.

ஜீயின் கணிப்பு நேர்த்தியானது: இது குணமாகுமென்றால் சாப்பாட்டால்தான் குணமாகும். ஆனால் எந்தச் சாப்பாடு? அரிசி, ஜவ்வரிசி, சோளமாவு கூடாது என்று எழுதினார். ரொட்டியை மெல்லிசாக நறுக்கி இருபுறமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்றார். அரிசி தின்று வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கூடவே அந்தக் குழந்தைகளை நினைத்து ஒரு மாதிரியாகவும் இருந்தது. நிரபராதியைத் துரத்திவிட்டுக் குற்றவாளியை வாட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு மட்டும் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் டச்சு நாட்டுக் கடல் சிப்பி கொடுத்திருக்கிறார்கள். அது நன்றாகத் தேறியது. சிப்பி சீசன் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டது. அடுத்த சீசனில் சிப்பி வந்தபோது குழந்தை தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டது. நியாயம்தானே.

மைக்ஸிடீமா பக்கம் தீர்வு சீக்கிரம் வந்தது. 1891-ல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியில் ஏற்றினார். மாதக்கணக்கில் முகம் வடிந்தது, பேச்சு திரும்பியது. அந்தப் பெண் இன்னும் 28 வருடம் வாழ்ந்து 1919-ல் தன் 74-ஆவது வயதில் இறந்தார். அதற்குள் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாகியிருந்தன என்று மர்ரே பின்னால் கணக்குச் சொன்னார். மர்ரேயின் ஊசிக்கு அடுத்த வருடமே வாய்வழியாகக் கொடுத்தாலும் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. ஒருவர் அதை லேசாக வறுத்து ஜெல்லியோடு தின்னக் கொடுத்தார். இன்று தலையணைப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன மாத்திரையின் பாட்டி அந்த வறுவல்.

ஆனால் சுரப்பி ஏன் செத்துப்போகிறது என்பது தெரியவில்லை. அந்தக் கேள்வியின் விடை ஜப்பானில், யாரும் பார்க்காத இடத்தில் கிடந்தது.

*

ஹாஷிமோட்டோ ஹகாரு 1881-ல் இகா என்ற ஊர்ப்பக்கம் வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். ஃபுகுவோகாவில் மருத்துவம் முடித்து, அங்கேயே அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தார். கழுத்து வீங்கி வந்த நான்கு பெண்களின் தைராய்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சுரப்பியின் திசுவுக்குள் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்தன. காசநோயா என்றால் இல்லை. புற்றுநோயா என்றால் அதுவும் இல்லை. இது வேறு ஒன்று என்று 1912-ல் ஒரு ஜெர்மன் அறுவை மருத்துவ இதழில் 30 பக்கம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 31.

உலகம் அசையவில்லை. மேற்கில் சிலர் அதை ஏற்கெனவே தெரிந்த வேறொரு தைராய்டு நோயின் ஆரம்பக் கட்டம் என்று ஓரம் கட்டினார்கள். ஹாஷிமோட்டோ மேல்படிப்புக்கு ஜெர்மனி போனார். முதல் உலகப்போர் வந்தது. திரும்பி வந்து, சொந்த ஊரில் குடும்ப வைத்தியத்தை எடுத்து நடத்தினார். 1934-ல் டைஃபாய்டில் இறந்தார், 52 வயதில். அதற்கு மூன்று வருடம் முன்னால் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஆலன் கிரஹாம் என்பவரும் அவருடைய சகாவும், ஹாஷிமோட்டோ சொன்னது தனி நோய்தான் என்று அவர் பெயரைச் சொல்லி எழுதியிருந்தார்கள். இன்று உலகம் முழுக்க லேப் ரிப்போர்ட்டுகளில் இருக்கும் பெயர் ஒரு ஊர் டாக்டருடையது. உப்பில் அயோடின் சேர்க்கும் நாடுகளில் தைராய்டு குறைவதற்கு முதல் காரணம் அந்த மனிதர் பார்த்த வெள்ளை அணுக் கூட்டம்தான்.

அந்தக் கூட்டம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை மருத்துவ உலகில் ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது: நம் உடம்பின் காவல் படை நம்மையே தாக்காது. பால் எர்லிக் அதற்கு லத்தீனில் பெயரே வைத்திருந்தார், தன்னையே விஷமாக்கிக்கொள்வதன் மீதான பேரச்சம் என்ற பொருளில். அந்த மரபில் வந்த எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கியின் ஆய்வகத்தில், அமெரிக்காவின் பஃபலோவில், நோயல் ரோஸ் என்ற இளைஞர் முயல்களுக்குத் தைராய்டுச் சாற்றைச் செலுத்திப் பார்த்தார். முயல்கள் தங்கள் தைராய்டுக்கு எதிராகவே எதிர்ப்புப்பொருள் உண்டாக்கின. சுரப்பியில் ஹாஷிமோட்டோ வரைந்து காட்டியது போன்ற அதே சிதைவு. அதே 1956-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் முதலானோர் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்திலேயே அந்த எதிர்ப்புப்பொருளைக் கண்டார்கள். எர்லிக்கின் சட்டம் உடைந்தது. காவல்காரனே வீட்டுக்குள் புகுந்து அடிக்கிற நோய்கள் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

*

இதற்கிடையில் கோதுமை பிடிபட்டது எப்படி என்பது தனிக் கதை. சும்மா சொல்லக் கூடாது, மருத்துவ வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிகளில் இது ஒன்று.

1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துத் தேற்றினார். ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்தி, ஒரு நாளைக்குப் பல பழங்கள். குழந்தைகள் பிழைத்தன. வாழைப்பழத்தில்தான் மருந்து இருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். தட்டில் வைத்ததற்குப் பெயர் கிடைத்தது, தட்டிலிருந்து எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை.

எடுத்ததைக் கவனித்தவர் வில்லெம் கரேல் டிக்கே. நெதர்லாந்தின் டென் ஹாக் நகரில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு 1936-ல், 31 வயதிலேயே தலைவரானவர். ஒரு தாய் வந்து, ரொட்டியை நிறுத்தினால் என் பிள்ளைக்குச் சரியாகிறது, கொடுத்தால் திரும்ப வருகிறது என்று சொன்னதிலிருந்துதான் அவருக்குச் சந்தேகம் தொடங்கியது என்று பின்னாளில் சொல்லப்படுகிறது. 1930-களிலேயே கோதுமை இல்லாத உணவைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு போர் வந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் உணவு வரத்து அற்றுப்போனது. மக்கள் துலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத சீலியாக் குழந்தைகள் முன்பைவிட நன்றாக இருந்தன. கோதுமை திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பி வந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பஞ்சம்தான் டிக்கேவின் கண்ணைத் திறந்தது என்று முடிப்பார்கள். அது அவருக்குச் செய்கிற அநியாயம் என்பேன். பத்து வருடமாக ஒரு தாயின் பேச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தவருக்கு அந்தக் குளிர்காலம் கொடூரமான ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

1950-ல் உட்ரெக்ட்டில் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். வான் டி காமர் என்ற வேதியியலாளர் மலத்தில் வெளியேறும் கொழுப்பைத் துல்லியமாக அளக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கோதுமை கொடுத்தால் குழந்தையின் மலத்தில் கொழுப்பு ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது. ஊகம் எண்ணாக மாறியது. 1952-ல் பர்மிங்ஹாமில் சார்லட் ஆண்டர்சன் குழுவினர் கோதுமை மாவைப் பிரித்துப் பார்த்து, மாவுச்சத்து தப்பில்லை, குளூட்டன்தான் தப்பு என்று உறுதி செய்தார்கள். பிசைந்த மாவைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் வெள்ளை எல்லாம் கரைந்து போய் கடைசியில் ரப்பர் மாதிரி ஒன்று கையில் நிற்குமே, அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த வித்தையின் பாதி அதனுடையது.

*

இரண்டு கதைகளும் இங்கேதான் ஒட்டுகின்றன. சீலியாக்கும் காவல்காரன் வீட்டுக்குள் புகுகிற நோய்தான் என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. 1997-ல் பெர்லினில் ஒரு குழு, சீலியாக் நோயாளிகளின் எதிர்ப்புப்பொருள் தாக்குவது டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம் சொந்த நொதியைத்தான் என்று காட்டியது. கோதுமை தூண்டுகிறது, அடி விழுவது நம் மேல்.

தாக்குவதா விடுவதா என்ற முடிவில் சில மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. நம் செல்கள் தங்களிடம் வந்த புரதத் துணுக்குகளைத் தூக்கிப் பிடித்து நோயெதிர்ப்பு அணுக்களிடம் காட்டும். தூக்கிப் பிடிக்கிற கைகள் ஆளுக்கு ஆள் வேறு. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற வகைக் கைகள் குளூட்டன் துணுக்கை நன்றாகப் பற்றிக்கொள்ளும். சீலியாக் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் இவற்றில் ஒன்று இருக்கும். மரபணுத் தொகுப்பின் இதே பகுதிதான் ஹாஷிமோட்டோவுக்கும், சின்ன வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் வழி திறந்து வைக்கிறது. ஆகவே ஒருவருக்கு ஒன்று வந்தால் மற்றது வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். 1994-ல் ஃபின்லாந்தில் பெக்கா காலினும் சகாக்களும் தைராய்டைத் தன்னுடலே தாக்கும் 83 நோயாளிகளைச் சோதித்தபோது 4 பேருக்குச் சீலியாக் இருந்தது. பிற்பாடு பல நாடுகளின் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் வருடத் தொகுப்பு, குடல் திசுச் சோதனையில் உறுதியானவர்கள் நூற்றுக்கு 1.6 பேர் என்றது. சீலியாக் அதிகமுள்ள நாடுகளில் பொதுமக்களிலேயே நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தால், இது கூடுதல்தான். ஆனால் கொஞ்சம் கூடுதல்.

இந்தக் "கொஞ்சம்"தான் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அண்ணன் தம்பி உறவை அப்பன் பிள்ளை உறவாக மாற்றிவிட்டார்கள். ஒரே மரபணு வீட்டில் பிறந்த இரண்டு நோய்கள் என்பது, கோதுமைதான் தைராய்டைக் கொல்கிறது என்று ஆகிவிட்டது. குளூட்டனும் தைராய்டுத் திசுவும் ஒரே ஜாடை, அதனால் காவல் படை ஆள் மாறி அடிக்கிறது என்று ஒரு விளக்கம் பரவலாகச் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனிதர்களின் தைராய்டில் அப்படி நடப்பதற்கு உறுதியான சான்று இல்லை. இத்தாலியில் 1999-ல் ஒரு ஆய்வு, சீலியாக் குழந்தைகள் எவ்வளவு காலம் குளூட்டன் சாப்பிட்டார்களோ அந்த அளவுக்கு மற்ற தன்னுடல் தாக்கு நோய்களும் கூடின என்றது. 2001-ல் அதே இத்தாலியிலிருந்து, பெரியவர்களிடம் குளூட்டனை நிறுத்தியது அப்படிப் பாதுகாப்பு எதுவும் தரவில்லை என்று இன்னொன்று. சீலியாக் உள்ளவர்களிடமே இந்த இழுபறி. சீலியாக் இல்லாத ஹாஷிமோட்டோ நோயாளிகள் குளூட்டனை விட்டால் எதிர்ப்புப்பொருள் குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகள் மிகச் சிறியவை. ஹார்மோன் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு யாருக்கும் சுரப்பி மீண்டதாக அவை காட்டவில்லை.

*

நம் ஊருக்கு வருவோம், ஏனென்றால் இந்த வரலாற்றில் வேலூருக்கு ஓர் இடம் உண்டு.

1966-ல் டெல்லி மருத்துவர்கள் வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் இருப்பதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே காலத்தில் தெற்கே வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் வேறொரு குடல் நோய் கொள்ளை நோய் போல வந்து போனது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். டிராபிக்கல் ஸ்ப்ரூ என்று பெயர். குடலின் உள்சுவர் தேய்ந்துபோவது சீலியாக்கை ஒத்திருக்கும், ஆனால் கோதுமைக்குச் சம்பந்தமில்லை. கோதுமை நோய் வடக்கத்தி நோய் என்ற எண்ணம் நம் மருத்துவர்களிடம் படிந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த எண்ணம் சரிதானா? 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதற்கு எண் கொடுத்தது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று இடங்களில் 23,331 பேர். தெற்குக்கு வேலூர்ப் பகுதி. சீலியாக் இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23, வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. ஆயிரத்துக்கு ஒருவர். சரி, நமக்கு அந்த மரபணு இல்லையோ என்றால், அங்கேதான் சுவாரஸ்யம். டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 38, தெற்கே 36. கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்.

வெடிமருந்து நம்மிடமும் இருந்திருக்கிறது, தீக்குச்சிதான் குறைவு. இதை வைத்து, சப்பாத்தியும் பரோட்டாவும் பீட்சாவும் கூடக் கூட இங்கும் சீலியாக் கூடும் என்று ஊகிக்கலாம். நானும் அப்படித்தான் ஊகிக்கிறேன். ஆனால் அதே எண்களை வைத்து இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2013-ல் வெளியான, சென்னையும் சேர்ந்த எட்டு நகர ஆய்வில், பெரியவர்களில் கிட்டத்தட்ட நூற்றுக்கு 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அந்தப் பதினொன்றில் கோதுமையால் உண்மையிலேயே குடல் கெட்டவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுகூட வர மாட்டார்கள். அறிவுரை மட்டும் பதினொரு பேருக்கும் போகிறது.

*

ஆனால், விட்டவுடன் நன்றாக இருக்கிறது என்கிறார்களே? பொய் சொல்கிறார்களா?

இல்லை. இங்கே மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்துக் கதையைச் சொல்ல வேண்டும். 2011-ல் பீட்டர் கிப்சனின் குழு, சீலியாக் இல்லாதவர்களுக்கும் குளூட்டன் வயிற்றுத் தொந்தரவு தருகிறது என்று கண்டது. யாருக்கு எது கொடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாத முறையில் நடந்த சோதனை. குளூட்டன் ஒவ்வாமை என்ற பேச்சுக்கு அது பெரிய பலம். அதே குழு திருப்தி அடையாமல் 2013-ல் திரும்பவும் செய்தது. இந்த முறை 37 பேர். குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரை வகைகளை முதலில் எல்லார் சாப்பாட்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் குளூட்டனைக் கொடுத்தால் தனியாக ஒரு விளைவும் இல்லை. தன் முடிவைத் தானே மறுத்து அச்சில் போடுகிற ஆட்கள் அரிது, அவர்களுக்கு ஒரு கும்பிடு. 2018-ல் ஆஸ்லோவில் 59 பேரிடம் நடந்த சோதனை இன்னும் நெருங்கியது. குளூட்டனைவிட ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிதான் அதிகம் வயிற்றை ஊதச் செய்தது. ஃபிரக்டான் கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் தாராளமாக இருக்கிறது.

என் பெரியம்மா மகள் ஒருத்திக்குப் பத்து வருடமாக ஹாஷிமோட்டோ. ஒரு வருடமாகக் கோதுமை தொடுவதில்லை. வயிற்று உப்புசம் பாதி குறைந்தது, மீதி போகவில்லை. போன தடவை பேசும்போது இந்த ஆஸ்லோ விஷயத்தைச் சொன்னேன். "அப்போ என் சின்ன வெங்காய சாம்பார்மேல கை வைக்கிறியாடி?" என்றாள். கோதுமையை விட முடிந்தவளால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அது கெடக்கட்டும்க்கா. விடறதுக்கு முன்னாடி சீலியாக் டெஸ்ட் எடுத்தியா?"

"விட்டதும் நல்லா இருந்துச்சு. அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?"

இங்கேதான் எனக்குக் கவலை. சீலியாக்கைக் கண்டுபிடிக்கிற ரத்தப் பரிசோதனை எதிர்ப்புப்பொருளைத் தேடுகிறது. குளூட்டன் சாப்பிடுகிறவரை அது ரத்தத்தில் இருக்கும். நிறுத்திச் சில மாதங்களானால் மங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அப்புறம் சோதனை இல்லை என்று காட்டினால் அதற்கு அர்த்தமில்லை. சரியாகத் தெரிய வேண்டுமென்றால் வாரக்கணக்கில் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள். நன்றாக இருக்கிற ஒருத்தியிடம் போய், மறுபடி சாப்பிட்டுப் படுத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? "போடி வேலையத்தவளே" என்று போனை வைத்துவிட்டாள்.

தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று அவள் கேட்பது நியாயமான கேள்வி. சீலியாக் இல்லை என்றால் சப்பாத்தி ஒரு ருசி விஷயம், மனமிருந்தால் சாப்பிடலாம், ஒரு கல்யாண வீட்டு ரவா கேசரிக்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். சீலியாக் உண்டு என்றால் ஓரளவு விடுவது போதாது, கடைசித் துகள் வரை விட வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. எலும்பு தேய்கிறதா, இரும்புச்சத்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பாதி விரதம்தான் யாருக்கும் உதவாதது.

தைராய்டு நோயாளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்பட வேண்டும். சீலியாக் அரிப்பது அந்தச் சுவரைத்தான். 2012-ல் ரோமில் ஒரு மருத்துவக் குழு, வயிற்றுப்போக்கு போன்ற வழக்கமான அறிகுறி பெரிதாக இல்லாத சீலியாக் நோயாளிகளைத் தைராய்டுப் பக்கத்திலிருந்து பார்த்தது. மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிக டோஸ் தேவைப்பட்டது. குளூட்டனை விட்ட பிறகு தேவை இறங்கியது. மாத்திரையைக் காலையில் ஒழுங்காக, காபிக்கு முன்னால், சத்து மாத்திரைகளோடு சேர்க்காமல் போடுகிறாள், 50 மைக்ரோகிராம் 100 ஆகிறது, 150 ஆகிறது, டி.எஸ்.எச். இறங்கவில்லை. இப்படி ஒரு பெண் இருந்தால், அவளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று திட்டுவதற்கு முன் இந்தச் சோதனையை எழுதிக்கொடுக்க வேண்டும். பலர் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1888-க்கு முன் லண்டன் பெண்களுக்குக் கிடைத்த அதே சோம்பேறிப் பட்டம், மாத்திரை வந்த பிறகும் வேறு உருவத்தில் கிடைக்கிறது.

சோதனையில் உண்டு என்று வந்துவிட்ட அந்த ஆயிரத்தில் ஒரு தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளம், சாமை, வரகு என்று அவருக்குப் பாதி உலகம் திறந்தே கிடக்கிறது. ஐரோப்பாவில் கோதுமையை விட்டவர்கள் ரொட்டிக் கடை வாசலில் ஏங்கி நிற்கிறார்கள், நம்மாள் பொங்கல் சாப்பிடுகிறார். பொறி வைத்திருக்கிற இடம் வேறு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினை மட்டும் அரைத்துப் போடுவதில்லை. பல கம்பெனிகள் அதை மைதாவிலோ கோதுமை மாவிலோ கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் ஆக்குகின்றன. குளூட்டன் இல்லாதது என்று லேபிளில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஹோட்டல் சாம்பாரில் எந்தக் காயம் விழுந்தது என்று சர்வரிடம் கேட்க முடியாது. வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்க்கலாம். பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.